கணினி வரைகலைக் கல்வி: யூட்டாவில் பிறந்த பாடம்

பல்கலைக்கழகத்தில் கணினித் துறையிற் பயிலும் மாணவர் ஒருவர், இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ ‘கணினி வரைகலை’ என்னும் பாடத்தை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘வரைகலை’ என்ற பெயரைக் கேட்டு, தூரிகையும் வண்ணமும் தம் கைக்கு வரப்போகின்றன என்று எண்ணிப் புகுவாராயின் அவர் ஏமாந்தே போவார். முதல் வாரமே ஆயத்தொலைவுகளும் அணிகளும் வந்து வாயிலில் நிற்கும். திரையில் உள்ள ஒவ்வொரு படப்புள்ளிக்கும் என்ன நிறம் இடவேண்டும் என்ற ஒரே வினாவிற்கு, ஒரு நொடியிற் பல இலட்சம் முறை விடை சொல்லக்கூடிய நிரலை எழுதப் பழகுவதே இப்பாடம். ஆகவே இதனைக் கலை என்பதைவிடக் கணக்கு என்பதே பொருந்தும்.

பாடம் தொடங்கிச் சில வாரங்களில் மாணவரின் குறிப்பேட்டிற் சில பெயர்கள் சேர்ந்துவிடும். வார்னாக் முறை, கூரோ நிழலிடல், ஃபோங் நிழலிடல், கேட்மல் கண்ட ஆழ நினைவகம், நியூவெல் வரைந்த தேநீர்க் கெண்டி, பிளின் செய்த திருத்தம் என்று அவை அடுக்கி வரும். இயற்பியல் பயில்வோர் நியூட்டன், மாக்ஸ்வெல் என்று படிப்பது போல இவற்றையும் மனப்பாடம் செய்து தேர்வெழுதிப் போகின்றனர். இப்பெயருடையவர் அனைவரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளுக்குள், டாக்டர் பட்டம் பெற்ற மாணவர்கள் என்பதை ஆசிரியர் சொன்னாலன்றி அவர்கள் அறிவதில்லை. நியூட்டனும் மாக்ஸ்வெல்லும் முதிர்ந்த அறிஞர்களாக இருந்து பேசியவர்கள். வரைகலைப் பாடமோ மாணவர்கள் எழுதிய பாடம். இது எவ்வாறு நேர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

அந்தப் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் மேற்கே, யூட்டா மாநிலத்தின் தலைநகரான சால்ட் லேக் சிட்டியில் உள்ளது. ஒரு பக்கம் மலை. மறுபக்கம் உப்பேரியும் பாலையும். 1960-களின் நடுவில் கணினி ஆராய்ச்சி என்றால் கிழக்குக் கரையில் உள்ள எம்.ஐ.டி.யையும் மேற்குக் கரையில் உள்ள ஸ்டான்போர்டு, பெர்க்லி ஆகியவற்றையுமே அறிஞர் உலகம் நோக்கிற்று. யூட்டாவை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

யூட்டாவிற்கு முன்

வரைகலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1963-ஆம் ஆண்டில் தொடங்குவர், அது தவறன்று. அவ்வாண்டு சனவரியில் ஐவன் சதர்லாந்து என்னும் இருபத்து நான்கு வயது இளைஞர், ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலைப் பற்றிய தம் ஆய்வேட்டை எம்.ஐ.டி.யில் அளித்தார். செய்தியியலின் தந்தை எனப்படும் கிளாடு ஷானன் அவருக்கு வழிகாட்டி. லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டி.எக்ஸ்-2 என்னும் பெருங்கணினியின் திரைமேல் ஒளிப்பேனாவை வைத்து இழுத்தால் கோடு தோன்றும். ‘இவ்விரு கோடுகளும் இணையாக இருக்கட்டும்’ என்று கட்டளையிட்டால் கணினியே அவற்றைச் சரிசெய்து இணையாக்கும். துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் விடைக்காகக் காத்திருந்த காலத்தில், கணினியோடு எதிரெதிரே அமர்ந்து படம் வரைய முடியும் என்று காட்டியது பெரும் புதுமை.

அதே ஆண்டில் அதே எம்.ஐ.டி.யில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் அளித்த ஆய்வேடு பொதுமக்களிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் பாடநூலில் அவர் பங்கு பெரிது. கன உருவங்களைக் கணினியில் காட்ட அவர் கையாண்ட கணக்குமுறையே இன்றும் முதல் வாரப் பாடமாக இருப்பதால் அதனைச் சற்று விளக்குதல் வேண்டும்.

கண்ணுக்கு முன் ஒரு மீட்டர் தொலைவில் ஒரு கண்ணாடி நிற்பதாகக் கொள்வோம். பன்னிரண்டு மீட்டர் தொலைவில் ஆறு மீட்டர் உயரமுள்ள கம்பம் ஒன்று நிற்கிறது. அதன் சாயல் கண்ணாடியில் எவ்வளவு உயரம் இருக்கும்? ஆறினைப் பன்னிரண்டால் வகுக்க அரை மீட்டர். கம்பம் இருபத்து நான்கு மீட்டருக்குத் தள்ளிப்போனால் கால் மீட்டர். தொலைவால் வகுப்பது ஒன்றே தொலைநோக்குப் படத்தின் இரகசியம். ஆனால் உருவத்தைத் திருப்புவதும் பெருக்குவதும் அணிப் பெருக்கலால் நடக்க, இடம் பெயர்ப்பதற்குக் கூட்டலும் தொலைநோக்கிற்கு வகுத்தலும் தனித்தனியே வேண்டியிருந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணையும் சேர்த்துக்கொண்டால், இவை யாவும் பதினாறு எண்கள் கொண்ட ஒரே அணியின் பெருக்கலில் அடங்கிவிடும். இறுதியில் அந்த நான்காம் எண்ணால் வகுத்தாற் போதும். இக்கருத்தின் வேர் ஜெர்மானியக் கணித அறிஞர் மேபியஸ் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உள்ளது. நூற்றாண்டுக்கு மேல் கணித நூல்களுக்குள் உறங்கிக் கிடந்ததை ராபர்ட்ஸ் எடுத்து வந்து கணினிக்குக் கொடுத்தார்.

ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பிரசன்ஹாம் 1965-இல் வெளியிட்ட கோடு வரையும் முறையையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். வகுத்தலும் பின்னமும் இன்றி, முழு எண்களின் கூட்டலையும் ‘இது சுழியத்தினும் பெரிதா சிறிதா’ என்ற ஒப்பீட்டையும் மட்டுமே கொண்டு சாய்ந்த கோட்டுக்குரிய புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது அது. நிரல் எழுதப் புகும் மாணவருக்கு இதைவிட நல்ல முதற்பயிற்சி இல்லை என்பது என் கருத்து.

ஆக, கோடுகள் இருந்தன, கணக்கு இருந்தது. ஆனால் கற்பிக்கும் இடம் இல்லை. டி.எக்ஸ்-2 உலகில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு பொருளின் மேற்பரப்பை, அதன்மேல் விழும் ஒளியை, அது மறைக்கும் பின்புறத்தைக் காட்டும் வழியை எவரும் முழுமையாக அறியார். அறியாத ஒன்றைப் பாடமாக வைப்பது எங்ஙனம்?

எவன்ஸ் திரும்பி வந்தார்

டேவிட் எவன்ஸ் சால்ட் லேக் சிட்டியிலேயே 1924-இல் பிறந்தவர். யூட்டாவிலேயே இயற்பியல் பயின்று டாக்டர் பட்டம் பெற்று, பெண்டிக்ஸ் நிறுவனத்திற் கணினிகளை வடிவமைத்து, பின்னர்ப் பெர்க்லியிற் பேராசிரியராக இருந்தவர். 1965-இல் தாய்ப் பல்கலைக்கழகம் கணினித் துறை தொடங்க அழைத்தபோது திரும்பி வந்தார். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சின் உயர் ஆராய்ச்சி முகமையாகிய ‘ஆர்ப்பா’ பணம் கொடுத்தது. எல்லாத் துறைகளிலும் கை வைக்காமல், வரைகலை ஒன்றையே துறையின் உயிர்நாடியாக எவன்ஸ் தேர்ந்துகொண்டார். சிறிய பல்கலைக்கழகம் பெரியவற்றோடு எல்லாவற்றிலும் போட்டியிட இயலாது என்பதை அறிந்தவரின் தெளிவு இது.

சதர்லாந்து 1968-இல் யூட்டாவிற்கு வந்து சேர்ந்தார். இருவரும் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்க விரும்பினர்; எந்த ஊரில் என்ற கேள்வி எழுந்தது. எவன்சின் குடும்பம் பெரிது. ஆகவே இடம் பெயர்ந்தவர் சதர்லாந்து என்று சொல்வதுண்டு. ஒரு துறையின் தலையெழுத்து சில வேளைகளில் இத்தகைய வீட்டுக் காரணங்களாலும் தீர்மானிக்கப்படுகிறது.

யூட்டாவின் சிறப்பனைத்தும் சதர்லாந்தின் மேதைமையால் விளைந்தது என்போர் உண்டு. ஆர்ப்பாவின் பணத்தால் விளைந்தது என்போரும் உண்டு. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் அதே பணம் வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் சென்றது. சதர்லாந்து ஹார்வர்டிலும் ஆசிரியராக இருந்தவரே. யூட்டாவில் மட்டும் இருந்தது வேறொன்று. மாணவருக்கு இருக்க இடமும் கணினியைத் தொட உரிமையும் கொடுத்துவிட்டு, அவரவர் நாட்டம் செல்லும் வழியே போக விட்டார்கள் என்று, அங்குப் பயின்ற எட்வின் கேட்மல் பின்னாளில் தம் நூலில் நினைவுகூர்ந்துள்ளார். விடை தெரிந்த கேள்விகளைக் கொடுத்துத் திருத்துவது ஒருவகை ஆசிரியம். ‘இதற்கு விடை எனக்கும் தெரியாது, நீ கண்டுபிடித்து வந்து சொல்’ என்று சொல்வது மற்றொரு வகை. எவன்சின் துறை இரண்டாம் வகையைச் சார்ந்தது.

மறைவதை மறைப்பது

முதற் கேள்வி, மறைந்த பரப்பைப் பற்றியது. மேசைமேல் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பின் ஒரு பந்து. நம் கண் பந்தின் மறைந்த பாதியைக் காண்பதில்லை. ஆனால் கணினிக்கு இரண்டும் வெறும் எண்களே. எது முன், எது பின் என்று ஒவ்வோர் இடத்திலும் கணக்கிட்டாலன்றி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழப்பி வரைந்துவிடும். 1967-இல் வைலி, ரோம்னி, எவன்ஸ், எர்டால் ஆகிய நால்வர் யூட்டாவிலிருந்து நிழல் சாயலோடு கூடிய திண்மப் படங்களை முதலில் வெளியிட்டனர்.

ஜான் வார்னாக் என்னும் மாணவர் 1969-இல் கண்ட வழி மிக அழகானது. திரையை ஒரு சதுரமாக எடுத்துக்கொள்க. அதற்குள் இருப்பது எளிதாக விடை சொல்லக்கூடிய நிலையா? அதாவது ஒன்றுமே இல்லையா, அல்லது ஒரே பரப்பு முழுவதையும் மூடி நிற்கிறதா? ஆம் எனில் வண்ணம் பூசிவிட்டுப் போகலாம். இல்லையெனில் சதுரத்தை நான்காக வெட்டி, ஒவ்வொரு காலிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். சிக்கல் உள்ள இடத்தில் மட்டும் வெட்டு நுண்ணிதாகிக்கொண்டே போகும். ஒரு படப்புள்ளியின் அளவிற்கு வந்ததும் நின்றுவிடும். தன்னையே தான் அழைத்துக்கொள்ளும் நிரல் எத்தகையது என்பதை விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இன்றும் இது கைகொடுக்கும்.

இப்படி ஆளுக்கொரு வழியாக முறைகள் பெருகின. 1974-இல் சதர்லாந்தும் ஸ்ப்ரௌல், ஷூமேக்கர் ஆகிய இருவரும் சேர்ந்து பத்து முறைகளை ஒப்பிட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினர். எல்லா முறைகளும் அடிப்படையில் வரிசைப்படுத்தலே என்றும், எதை முதலில் வரிசைப்படுத்துவது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன என்றும் அக்கட்டுரை காட்டிற்று. சிதறிக் கிடந்தவை ஒரு பாடமாகத் திரண்டதற்கு அக்கட்டுரை ஒரு பெரிய காரணம்.

ஆனால் வரலாறு வேடிக்கையானது. அதே 1974-இல் கேட்மல் தம் ஆய்வேட்டில் மிக முரட்டுத்தனமான ஒரு வழியையும் எழுதி வைத்தார். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நிறத்தோடு, அந்நிறத்திற்குரிய பரப்பு எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற எண்ணையும் நினைவகத்தில் வைத்துக்கொள்வது, புதிதாக வரும் பரப்பு அதனினும் அண்மையில் இருந்தால் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது, இல்லையேல் விட்டுவிடுவது. அவ்வளவே. வரிசைப்படுத்தலும் இல்லை, வெட்டுதலும் இல்லை. பெர்லினில் வொல்ஃப்காங் ஸ்ட்ராசர் என்பாரும் அதே ஆண்டில் தம் ஆய்வேட்டில் இதனையே கண்டார். குறை ஒன்றுதான்: நினைவகம். பக்கத்திற்கு 512 புள்ளிகள் உள்ள திரைக்கு 2,62,144 எண்கள் வேண்டும். அக்காலத்தில் இது செல்வர்களும் அஞ்சும் செலவு. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், படம் முழுவதையும் நினைவில் வைக்கவே இடமின்றி, திரையிற் சிறிது சிறிதாகத் தோன்றுவதை நிழற்படக் கருவியைத் திறந்து வைத்துப் படச்சுருளில் பதிவு செய்துகொண்டிருந்தனர்.

நினைவகத்தின் விலை சரியச் சரிய, நுட்பமான முறைகள் பின்தங்கின. முரட்டு முறை வென்றது. இன்று கைப்பேசியின் வரைகலைச் சில்லுவரை அது வன்பொருளாகவே பதிந்திருக்கிறது. பத்து முறைகளில் பலவற்றை மாணவர் இப்போது பெயரளவிலும் அறியார். அவை பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்டதால் மறக்கப்படவில்லை. பொருள் ஒன்றின் விலை குறைந்ததால் மறக்கப்பட்டன. கணினி அறிவியலைக் கற்பிப்போர் இதை மாணவரிடம் சொல்லாமல் விடுவது ஒரு குறையென்றே நான் கருதுகிறேன்.

சில்வியின் முகம்

அடுத்த கேள்வி ஒளியைப் பற்றியது. வளைந்த பரப்பைக் கணினி சிறுசிறு தட்டையான பலகோணங்களாகவே அறியும். ஒவ்வொரு தட்டைக்கும் ஒரு நிறம் பூசினால், மனித முகம் பட்டை தீட்டிய கல்லைப் போலத் தோன்றும். தட்டைகளை மிகச் சிறிதாக்கினாலும் பயன் குறைவே. இரண்டு நிறங்கள் சந்திக்கும் எல்லையை நம் கண் உள்ளதைவிட மிகைப்படுத்திக் காணும் இயல்புடையது என்று எர்ன்ஸ்ட் மாக் 1865-ஆம் ஆண்டிலேயே கண்டு சொன்னார்.

பிரான்சிலிருந்து வந்த ஆன்றி கூரோ என்னும் மாணவர் 1971-இல் இதற்கு வழி கண்டார். பலகோணத்தின் முனைகளில் மட்டும் ஒளியின் அளவைக் கணக்கிட்டு, இடைப்பட்ட புள்ளிகளுக்கு அம்முனைகளின் மதிப்புகளைச் சீராகப் பங்கிட்டுக் கொடுப்பது அம்முறை. எல்லைகள் கரைந்து முகம் வழவழப்பாயிற்று. எந்த முகம்? அவருடைய மனைவி சில்வியின் முகம். முகத்தின்மேல் கோடுகளை வரைந்து, அவை சந்திக்கும் புள்ளிகளை அளந்து கணினிக்கு ஊட்டினார். பாடநூல்களில் இன்றும் அம்முகம் காணப்படுகிறது.

கூரோவின் முறையில் ஒரு குறை இருந்தது. பளபளப்பான பொருள்மேல் விளக்கின் ஒளி ஒரு சிறு வெண்புள்ளியாகத் தெறிக்கும் அல்லவா? அது பலகோணத்தின் நடுவில் விழுந்தால், முனைகளை மட்டும் பார்க்கும் கூரோவின் கணக்கு அதைத் தவறவிட்டுவிடும். இதைத் தீர்த்தவர் பூய் துவோங் ஃபோங். 1942-இல் ஹனோயிற் பிறந்த வியட்நாமியர். பிரான்சிற் பயின்று 1971-இல் யூட்டாவிற்கு வந்தவர். நிறத்தைப் பங்கிடாமல், பரப்பு எத்திசையை நோக்குகிறது என்பதையே புள்ளிதோறும் பங்கிட்டுக் கொடுத்து, அதன்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியைப் புதிதாகக் கணக்கிடச் சொன்னார் அவர்.

அவ்வொளிக் கணக்கும் அவருடையதே. மங்கலான பரப்பின் ஒளிக்கு லாம்பெர்ட் 1760-ஆம் ஆண்டில் சொன்ன கொசைன் விதி முன்பே இருந்தது. ஃபோங் அதனோடு பளபளப்பைச் சேர்த்தார். ஒளி தெறித்துச் செல்லும் திசைக்கும் கண் இருக்கும் திசைக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைனை எடுத்து அதன் அடுக்கை உயர்த்துக என்றார். எடுத்துக்காட்டாக, கொசைன் 0.9 ஆக உள்ள இடத்தில் அடுக்கு ஒன்றாயின் விடை 0.9, பத்தாயின் 0.35, ஐம்பதாயின் 0.005. அதாவது அடுக்கு உயர உயர ஒளிப்புள்ளி சுருங்கிக் கூர்மையாகும். பளிங்கு போலத் தோன்றும். அடுக்கு குறைந்தால் ஒளி பரந்து மங்கி மெழுகு போலத் தோன்றும். இயற்கையில் ஒளி உண்மையாகவே இப்படித்தான் தெறிக்கிறது என்று அவர் வாதிடவில்லை. கண்ணுக்குப் பொருத்தமாகத் தோன்ற வேண்டும், கணக்கும் கணினிக்கு அடங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1973-இல் டாக்டர் பட்டம் பெற்ற ஃபோங், பின்னர் ஸ்டான்போர்டுக்குச் சென்றார். அவருடைய கட்டுரை 1975 சூன் மாத ஆய்விதழில் வெளிவந்தது. அதற்கடுத்த மாதம் அவர் காலமானார். வயது முப்பத்திரண்டு. 

ஒரு காரும் ஒரு கையும் ஒரு கெண்டியும்

1972-இல் சதர்லாந்தின் வகுப்பு மாணவர்கள் ஒரு வோல்க்ஸ்வேகன் பீட்டில் காரை அளந்தார்கள். கார் சதர்லாந்தின் மனைவி மார்ஷாவுடையது. காரின்மேல் கோடுகளும் புள்ளிகளும் இட்டு, அளவுகோல்களைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் இருப்பிடத்தையும் மாணவர்கள் கையாலேயே அளந்து குறித்தனர். ஃபோங்கும், பின்னாளில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம் கிளார்க்கும் அவ்வகுப்பிற் பங்குகொண்டோர். இன்று கருவி ஒன்று சில நிமிடங்களில் செய்துவிடும் வேலை இது. ஆயினும் வளைந்த தகட்டின்மேல் அளவுகோலை வைத்து, ‘இங்கே புள்ளி வேண்டும், அங்கே வேண்டாம்’ என்று தீர்மானித்தவர், பலகோணம் என்றால் என்ன என்பதைப் பிறகு மறக்கவே மாட்டார்.

அதே ஆண்டில் கேட்மல் தம் இடக்கையைச் சாந்துக் கலவையில் அச்செடுத்து, அதன்மேல் ஏறத்தாழ 350 பலகோணங்களை வரைந்து அளந்து, விரல்கள் மடங்கி நீளும் ஒரு குறும்படத்தை ஃபிரெட் பார்க்கோடு சேர்ந்து உருவாக்கினார். 2011-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதனைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்த்தது. ஒரு வகுப்பு மாணவரின் பயிற்சி வேலை அப்பதிவேட்டில் இடம்பெறுவது எளிதில் நிகழ்வதன்று. பரப்பின்மேல் ஒரு படத்தைப் போர்த்தும் முறையும் கேட்மலின் 1974 ஆய்வேட்டிலேயே உள்ளது.

மார்ட்டின் நியூவெல்லின் தேநீர்க் கெண்டி பற்றி அறியாத வரைகலை மாணவர் இல்லை. 1975-இல் டாக்டர் பட்டம் பெற்ற அவருக்குத் தம் முறைகளைச் சோதித்துப் பார்க்க ஒரு பொருள் தேவைப்பட்டது. வீட்டில் இருந்த மெலிட்டா கெண்டியை அவர் மனைவி காட்டினார். அதனை வரைபடத்தாளில் கையால் வரைந்து, பிரெஞ்சுக் கார்த் தொழிற்சாலையைச் சார்ந்த பெசியே வகுத்த வளைபரப்புகளின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக அவர் மாற்றினார். நல்ல தேர்வு அது. கெண்டிக்கு வயிறு உண்டு, மூக்கு உண்டு, கைப்பிடியில் துளை உண்டு. அதன் நிழல் அதன்மேலேயே விழும். எவ்வித வண்ணமும் பூசாவிட்டாலும் பார்த்தவுடன் கெண்டி என்று தெரியும். அந்த எண்களை அவர் பிறருக்குத் தாராளமாகக் கொடுத்ததால் உலகெங்கும் அது பரவிற்று. நியூவெல் முதலில் தந்த கெண்டிக்கு அடிப்பாகம் இல்லை என்பதையும், உண்மைக் கெண்டி படத்தில் உள்ளதைவிடச் சற்று உயரமானது என்பதையும் அறிந்தோர் சிலரே. உண்மைக் கெண்டி கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஜேம்ஸ் பிளின் 1977-இல் ஃபோங்கின் கணக்கைச் சற்று மாற்றி அமைத்தார். 1978-இல் பரப்பின்மேல் மேடுபள்ளம் இருப்பதாகக் கண்ணை ஏய்க்கும் வழியையும் கண்டார். பின்னர் விண்வெளி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்து, 1979-இல் வாயேஜர் கலங்கள் வியாழனை அண்மிய காட்சியைத் திரைப்படமாக்கிக் காட்டினார்.

கலைந்த கூடு

இவ்வளவும் நிகழ்ந்துகொண்டிருந்தபோதே கூடு கலையத் தொடங்கிவிட்டது. பாதுகாப்பு அமைச்சின் பணம் நேரடியான இராணுவப் பயனுள்ள ஆராய்ச்சிக்கே செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு 1970-களின் முற்பகுதியில் இறுகிற்று. சதர்லாந்து வெளியேறினார். கேட்மல் 1974-இல் நியூயார்க்கிற்குப் போனார். 1986-இல் பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவரானார். வார்னாக் 1982-இல் மற்றொருவரோடு சேர்ந்து அடோபி நிறுவனத்தை நிறுவினார். பெருஞ் செல்வங்களைப் படைத்த இந்நிறுவனங்களின் கதையைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. அதனை இங்கு நீட்ட வேண்டியதில்லை.

பாடம் மட்டும் பரவிற்று. நியூமனும் ஸ்ப்ரௌலும் 1973-இல் எழுதிய நூலே இத்துறைக்கு முதற் பெரும் பாடநூல் எனலாம். 1982-இல் ஃபோலியும் வான் டாமும் எழுதியது அடுத்த தலைமுறையைப் பயிற்றுவித்தது. 1974-இல் கொலராடோவில் உள்ள போல்டர் நகரில் முதன்முதலாகக் கூடிய ‘சிக்கிராஃப்’ மாநாடு ஆண்டுதோறும் நடந்து, 2008-இல் அதன் ஆசியக் கிளை முதற்கூட்டத்தைச் சிங்கப்பூரிலேயே நடத்திற்று. சதர்லாந்துக்கு 1988-ஆம் ஆண்டிற்கும், கேட்மலுக்கு ஹன்ரகானோடு 2019-ஆம் ஆண்டிற்கும் டியூரிங் பரிசு வழங்கப்பட்டது. எவன்ஸ் 1998-இல் மறைந்தார். அவருக்கு அப்பரிசு கிட்டவில்லை.

கற்பிக்கும் முறை என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1992-இல் ‘ஓப்பன் ஜி.எல்.’ என்னும் பொது நிரற்கூறுகளின் தொகுதி வந்தது. அதன் துணைத் தொகுதி ஒன்றில் நியூவெல்லின் கெண்டியை வரைய ஒரே ஒரு கட்டளை போதும். ஒளியும் நிழலும் அவ்வாறே: எண்களைக் கொடுத்தால் கூரோவும் பிளினும் உள்ளே இருந்து வேலை செய்வர். மாணவர்க்கு இது பெரும் வசதி. ஆனால் கட்டளையை எழுதத் தெரிந்தவர் கணக்கைத் தெரிந்தவர் என்று கொள்ளும் மயக்கமும் உடன் வந்தது. படம் அழகாக வந்துவிடுகிறது. ‘ஏன் இங்கே வெள்ளையாக இருக்கிறது?’ என்று கேட்டால் விடை இல்லை.

2001 முதற்கொண்டு வரைகலைச் சில்லுகளே நிரலெழுத இடம் கொடுத்தன. 2009-இல் ஓப்பன் ஜி.எல். பழைய ஆயத்தக் கட்டளைகளைத் தன் மையத்திலிருந்து நீக்கிற்று. இதனால் மாணவர் சங்கடப்பட்டனர். முன்பு இரண்டு வரியில் முடிந்தது இப்போது ஒரு பக்கம் ஆகிறது என்று ஆசிரியர் சிலரும் முணுமுணுத்தனர். முதலிலேயே இத்தனை சுமையா, முழுப்படத்தைக் காட்டி ஆர்வமூட்டிவிட்டுப் பிறகு கணக்கிற்கு வரலாகாதா என்ற வாதம் பல்கலைக்கழகங்களில் ஓயவில்லை. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. எனினும் முதல் நான்கைந்து வாரங்கள் எந்தத் தொகுதியின் துணையும் இன்றி, வெற்று நினைவக அட்டவணை ஒன்றில் மாணவரே கோடு வரைந்து, முக்கோணம் நிரப்பி, ஆழத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற கட்சியையே நான் சார்வேன். 2,62,144 எண்கள் இன்று ஒரு மடிக்கணினிக்குத் தூசு. கேட்மலுக்குக் கிட்டாத வசதி முதலாண்டு மாணவருக்குக் கிட்டியிருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்?

எப்படியாயினும், ஒளியைக் கணக்கிடும் சிறு நிரலை இப்போது மாணவர் தம் கையாலேயே எழுதவேண்டியிருக்கிறது. பத்துப் பதினைந்து வரிகள். பரப்பின் திசை, விளக்கின் திசை, கண்ணின் திசை, கடைசியில் அந்த அடுக்கு. அடுக்கை மாற்றி மாற்றி, மெழுகு பளிங்காவதைப் பார்த்து மகிழ்ந்தபின், வரிகளுக்கு மேலே ‘ஃபோங் முறை’ என்று குறிப்பெழுதி வைப்பார். வியட்நாமிய வழக்கில் குடும்பப் பெயர் முன்னே நிற்கும், இயற்பெயர் இறுதியில் வரும். சீன நண்பர்களோடு பழகும் நம் நாட்டு வாசகர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இளைஞரின் குடும்பப் பெயர் பூய். இறுதியில் நின்றதைக் குடும்பப் பெயரென்று கொண்ட மேலைநாட்டு நூல்கள், ஏனையோரைக் குடும்பப் பெயராலும் அவர் ஒருவரை மட்டும் இயற்பெயராலும் அழைத்து வருகின்றன.